வீட்டுக் கரண்ட் மானிட்டர்: 7 மாதம் வைத்திருந்துவிட்டு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பெட்டி தானாக ஒரு யூனிட் கரண்டைக்கூட மிச்சப்படுத்தாது. அட்டையில் "30 சதவீதம் வரை சேமிக்கலாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த "வரை"க்குள் எதை வேண்டுமானாலும் அடக்கலாம். ஆனாலும் 5க்கு மூன்றரை கொடுக்கிறேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் மூன்று சாமான்கள் இருந்தன. மெயின் போர்டில் ஒயரைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கிளாம்ப். அதிலிருந்து தகவல் வாங்கி, இந்த நிமிடம் வீடு மொத்தமும் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும் உள்ளங்கை அளவு டிஸ்பிளே. அப்புறம் பிளக்குக்கும் சாதனத்துக்கும் நடுவில் செருகி, அந்த ஒரு சாதனத்தை மட்டும் அளக்கிற குட்டி மீட்டர். கூடவே ஒரு செல்போன் ஆப். பிராண்டு பெயரைப் போடப் போவதில்லை, இதே சரக்கு பல பெயர்களில் வருகிறது, நான் சொல்வது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இதை நானாகத் தேடிப் போய் வாங்கவில்லை. பழைய பிரிட்ஜ் ராத்திரியில் மேடேறும் லாரி மாதிரி உறும ஆரம்பித்ததும் புதிது பார்க்கப் போனோம். குறைவாகக் கரண்ட் எடுக்கும் மாடல் என்றால் அரசுத் தள்ளுபடி உண்டு, அதோடு இந்த மானிட்டரும் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார்கள். பாதி விலை என்றால் கை நீளத்தானே செய்யும், நீண்டது. தள்ளுபடி இல்லாவிட்டால் வாங்கியிருப்பேனா? சத்தியமாக மாட்டேன்.

ஆனால் அந்தத் தள்ளுபடியை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மின் இணைப்பு மாமனார் பெயரில், பிரிட்ஜ் ரசீது என் பெயரில், இரண்டும் ஒரே வீடுதான் என்று நிரூபிக்கச் சொல்லி விண்ணப்பம் ஒரு தடவை திரும்பியது. அடுத்த தடவை, ஸ்கேன் செய்த ரசீதின் சைஸ் பெரிதாக இருக்கிறதாம். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டு, பணம் வந்து சேர 4 மாதம். நடுவில் ஒருநாள் "போகட்டும் விடு" என்று கைகழுவவும் பார்த்தேன். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளில் கூரை, சுவர் இடுக்கெல்லாம் அடைத்து, குளிர்காலத்தில் சூடு வெளியே போகாமல் செய்து கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு, முழுக்க இலவசம். ஆய்வாளர்கள் ஆளனுப்பி, போன் போட்டு, விண்ணப்பம் நிரப்பவும் கூடவே உட்கார்ந்து உதவியும், கடைசியில் வேலையை முடித்துக்கொண்டது நூற்றுக்கு 6 வீடு அளவில்தான். சும்மா கொடுப்பதையே வாங்க மாட்டார்களா என்று முன்பு படித்திருந்தால் சிரித்திருப்பேன். மூன்று தடவை ஸ்கேன் செய்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, கருவிக்கு வருவோம். மாட்டிய முதல் நாள் வீடே ஜீரோ காட்டியது. ஃபேன் சுற்றுகிறது, வாஷிங் மெஷின் ஓடுகிறது, டிஸ்பிளேயில் 0 வாட். மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்ல மெஷின்மா, கரண்டே செலவாகலையே" என்றார். விஷயம் என்னவென்றால், எலக்ட்ரீஷியன் கிளாம்பை ஃபேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வ வைத்துவிட்டார். ஒன்றில் போகிற கரண்ட் இன்னொன்றில் திரும்பி வருவதால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஜீரோ ஆகிவிடுகிறது. ஃபேஸ் ஒயரை மட்டும் கவ்வ வேண்டும், வாயும் "டிக்" என்று முழுதாக மூட வேண்டும், ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் அளவு குறைந்து காட்டும். கையேட்டில் இதற்கு ஒரு படம் இருக்கிறது, தபால் தலை அளவில். இதற்கு அரை மார்க் கழித்தேன். மெயின் போர்டைத் திறந்து நீங்களே கை வைக்காதீர்கள், தெரிந்த ஆளை வையுங்கள், ஆனால் பக்கத்தில் நின்று ஒற்றை ஒயரா என்று பாருங்கள்.

முதல் வாரம் வீடு திருவிழாதான். ஸ்விட்ச் போடுவதும் ஓடிவந்து நம்பர் பார்ப்பதும். மகள் ஒவ்வொரு விளக்காகப் போட்டு, "அம்மா, 9 கூடுச்சு, இப்ப இன்னொரு 9" என்று கத்துவாள். அங்கேதான் முதல் அடி விழுந்தது, மாமனாருக்கு.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் சிக்கன இலாகா அவர்தான். ஒரு அறையிலிருந்து நாம் வெளியே வந்தால் அடுத்த நொடி அங்கே விளக்கு அணையும். திரும்பிப் போக நினைத்திருந்தாலும் சரி, உள்ளே இன்னொருவர் இருந்தாலும் சரி. குளியலறையில் சோப்பு போட்டுக்கொண்டிருக்கும்போதே இருட்டில் நின்ற அனுபவம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்ட காலத்தில் ஹாலில் எரிந்தது 100 வாட் குண்டு பல்பு, 5 மணி நேரம் சும்மா எரிந்தால் அரை யூனிட் போச்சு. அப்போது அது நியாயமான கோபம். இப்போது அதே இடத்தில் 9 வாட் எல்இடி. அதே 5 மணி நேரத்துக்கு 45 வாட்-மணி, அரை யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பல்பு மாறிவிட்டது, கை அதே ஸ்விட்சுக்குத்தான் போகிறது.

அதே மனிதர்தான் காலை 5 மணிக்கு ஹீட்டரைப் போட்டால் இரவு படுக்கும்வரை அதை அணைப்பதில்லை. கேட்டால், "அதான் சூடானதும் தானா நின்னுடுதே" என்பார். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மதியம் வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள், டிஸ்பிளே எதிரில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், 180, 178, 181 என்று ஆடிக்கொண்டிருந்த நம்பர் திடீரென்று 2190க்குத் துள்ளியது. திருடன் வந்த மாதிரி பதறி எழுந்தேன். 3 நிமிடம் அப்படியே நின்றுவிட்டு மறுபடி 180. யாரும் எதையும் தொடவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் ஆறிப்போனதால் தெர்மோஸ்டாட் தானாகவே உயிர் பெற்று ஒரு தடவை சூடாக்கி வைத்திருக்கிறது, குளிக்க ஆளில்லாத மதியம் இரண்டேகால் மணிக்கு. 2000 வாட், 3 நிமிடம், அதாவது 0.1 யூனிட். ஒரு 9 வாட் விளக்கு 11 மணி நேரம் எரிகிற கரண்ட். இப்படி நாளைக்கு ஆறு தடவை. மாமனார் ஓடி ஓடி அணைத்த விளக்கெல்லாம் இந்த ஒரு துள்ளலுக்குப் பதில் சொல்லாது.

இது எங்கள் வீட்டு விசித்திரம் என்று நினைத்தேன், இல்லையாம். 2010ல் ஷாசீன் அத்தாரியும் அவருடன் சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் 505 பேரிடம் எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரம் எடுக்கும், மிச்சம் பிடிக்க எது நல்ல வழி என்று கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் சொன்ன வழி விளக்கை அணைப்பது போன்றவைதான், சாதனத்தையே நல்லதாக மாற்றுவதைச் சொன்னவர்கள் குறைவு. பொதுவாக எல்லாருமே செலவையும் சேமிப்பையும் உண்மையில் இருப்பதைவிடச் சராசரியாக 2.8 மடங்கு குறைத்தே மதிப்பிட்டார்கள், அதிலும் பெரிய சாதனங்களில்தான் தப்பு அதிகம். விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது, எரிகிறதா இல்லையா என்று யாருக்கும் புரியும். சுவரில் ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கிற ஹீட்டர் யார் கண்ணில் படும்? எங்கள் வீட்டிலும் சிக்கன புத்தி ஒன்றும் குறைவில்லை. வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். இந்தக் கருவி உருப்படியாகச் செய்த காரியம் அந்தக் கொல்லைக் கதவைக் காட்டியதுதான்.

மாமனாரிடம் நான் வாதாடவில்லை. மறுநாள் மதியம் அவரை டிஸ்பிளே எதிரில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். அரை மணி நேரம் கழித்து "ஏம்மா, இங்க வா, இங்க வா" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து ஹீட்டரை அவரே காலையில் எல்லாரும் குளித்ததும் அணைக்கிறார். நான் பத்து தடவை சொல்லியிருந்தால் மருமகள் சொல்லிக் கேட்பதா என்று ஆகியிருக்கும், நம்பர் சொன்னதும் கேட்டுக்கொண்டார்.

அடுத்தது, இந்தக் கருவியை வைத்து நான் செய்ததிலேயே சுவாரசியமான காரியம். ஒரு சனிக்கிழமை எல்லாரும் வெளியூர் போயிருந்தார்கள், வீட்டில் நான் மட்டும். இரவு 11 மணிக்கு விளக்கு, ஃபேன் எல்லாம் அணைத்துவிட்டு, பிரிட்ஜின் கம்ப்ரசர் ஓய்கிறவரை காத்திருந்து, டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். எதுவுமே ஓடாத வீடு 131 வாட் இழுக்கிறது. எங்கே போகிறது? குட்டி மீட்டரைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகப் போனேன். டிவி அணைந்திருக்கிறது, ஆனால் செட்டாப் பாக்ஸ் 16. இன்டர்நெட் ரவுட்டர் 9. கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது, அதன் யுபிஎஸ் 21. இவர் கல்யாணத்துக்கு முன் வாங்கிய மியூசிக் சிஸ்டம், கடைசியாக எப்போது பாடியது என்று யாருக்கும் ஞாபகமில்லை, சிவப்புப் பொட்டு மட்டும் எரியும், அது 19. காலிங் பெல் அடாப்டர், வாஷிங் மெஷின், செல்போன் இல்லாமல் தொங்குகிற சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து 11. கூட்டினால் 76தான் வந்தது. 131 எங்கே, 76 எங்கே?

இங்கேதான் கருவியின் பெரிய ஓட்டை தெரிய வந்தது. சந்தேகத்தில் மின்வாரிய மீட்டரிடம் போய் நின்றேன். அதன் முகத்தில் ஒரு சின்ன சிவப்பு லைட் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். எங்கள் மீட்டரில் 3200, அதாவது 3200 தடவை சிமிட்டினால் 1 யூனிட். ஒரு சிமிட்டலிலிருந்து அடுத்ததுக்கு 12 நொடி ஆனது. கணக்குப் போட்டால் சுமார் 94 வாட். அப்போ 131 பொய். காரணம் எளிது: கிளாம்ப் கரண்டை மட்டும்தான் அளக்கிறது, வோல்டேஜ் இவ்வளவு இருக்கும் என்று தானாக வைத்துக்கொண்டு பெருக்கிவிடுகிறது. அடாப்டர், எல்இடி, மோட்டார் மாதிரி சாமான்களில் கரண்டும் வோல்டேஜும் ஒன்றாகக் கைகோத்துப் போகாது, பவர் ஃபேக்டர் என்பார்கள், அதனால் பெருக்கல் கணக்கு உண்மையைவிடக் கூட வரும். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் மாதிரி வெறும் சூடு கொடுக்கும் சாமான்களுக்கு ஏறக்குறைய சரியாகக் காட்டும். அட்டையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இதற்கு ஒரு மார்க் முழுதாகப் போச்சு. குட்டி மீட்டர் வோல்டேஜையும் சேர்த்து அளப்பதால் நம்பலாம், அதில் குறையே இல்லை.

94ல் 76 கணக்கு வந்துவிட்டது, மீதி 18 வாட் எங்கே போகிறது என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. ஆனால் 94 வாட் வருடம் முழுக்க ஓடினால் 800 யூனிட்டுக்கு மேல். மியூசிக் சிஸ்டத்தின் பிளக்கைப் பிடுங்கினேன் (இவர் இன்னும் கவனிக்கவில்லை, இதைப் படித்தால் தெரியும்), யுபிஎஸ்ஸைக் கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும் போடுகிறோம். அந்த மியூசிக் சிஸ்டம் பழையது. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிச் சும்மா நிற்கும் சாதனங்கள் 1 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று 2010லும், 2013லிருந்து அரை வாட் என்றும் சட்டம் போட்டது. அந்த விதிக்கு உட்பட்ட டிவியை வாங்குபவருக்குச் சிக்கனம் பற்றி ஒரு அக்கறையும் தேவையில்லை, பிளக்கைப் பிடுங்க வேண்டியதும் இல்லை. தள்ளுபடி, விண்ணப்பம், ஸ்கேன் எதுவும் இல்லாமல் வேலை முடிகிறது. இந்தியாவில் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 2020 ஜனவரியிலிருந்து போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்ததும் இதே வகை. வேண்டுமானால் 18க்கு இறக்கிக்கொள்ளலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனால் ரிமோட்டை எடுக்கச் சோம்பல்படும் ஜனங்கள்தான் அதிகம். எங்கள் சோம்பலை எங்களுக்கு எதிராகப் பயன்படுத்துகிற கடைக்காரர்களைத்தான் பார்த்திருக்கிறேன், எங்களுக்காகப் பயன்படுத்தினால் வேண்டாம் என்பேனா.

ஆப் பற்றி. சுமார்தான். பில் தொகையைக் காட்டுகிறேன் என்று ஒரு நம்பர் போடும், அது தப்பு. எங்கள் கட்டணம் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறுகிற வகை, ஆப் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விகிதம் என்று நினைத்துக்கொள்கிறது. மாற்ற வழியில்லை. கடைசிப் படியில் நிற்பவர் ஒரு யூனிட் குறைத்தால் உண்மையில் கிடைக்கும் லாபம் ஆப் சொல்வதைவிட அதிகம், அதாவது சேமிக்கத் தூண்ட வேண்டிய ஆப் சேமிப்பைக் குறைத்துக் காட்டுகிறது. வேடிக்கைதான்.

பணத்துக்குப் பதிலாக "மரங்கள்" என்று ஒரு திரையும் உண்டு, இன்று நீங்கள் செலவழித்த மின்சாரத்தின் புகையை உறிஞ்ச எத்தனை மரம் வேண்டும் என்று காட்டும். இவர் பணத்திரையை ஒரு வாரம் பார்த்தார், நாளைக்கு மிச்சம் ஒரு டீ செலவுக்குக்கூட வராது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். ஏழு வயது மகள் மரத்திரையைத் திறந்தாள், மரம் நிஜமாகவே எங்கோ செத்துப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை மாதம் எங்களைப் படாதபாடு படுத்தினாள். லாஸ் ஏஞ்சலஸில் 118 குடியிருப்புகளில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், 2015ல் வெளியான ஆய்வு. ஒரு பிரிவுக்கு "உங்களால் இவ்வளவு பணம் மிச்சம் பிடிக்க முடியும்" என்று வாராவாரம் தகவல். இன்னொரு பிரிவுக்கு, மின் உற்பத்திப் புகையால் குழந்தைகளுக்கு ஆஸ்துமா, புற்றுநோய் மாதிரி கேடுகள் வருகின்றன, உங்கள் பங்கு இவ்வளவு என்று தகவல். பணத்தைக் கேட்டவர்கள் அசையவில்லை. புகையைக் கேட்டவர்கள் 8 சதவீதம் குறைத்தார்கள், குழந்தை இருக்கும் வீடுகளில் 19. எங்கள் வீட்டில் மகள்தான் அந்த 19. ஆனால் பிள்ளையை மரம் சாகும் என்று பயமுறுத்தி ஸ்விட்சை அணைக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, ஒருநாள் உட்கார வைத்து விளக்கிச் சொன்னேன். விளக்கிய பிறகு அவளும் ஆப்பைத் திறப்பதில்லை. என்ன செய்ய.

ஆப்பில் எனக்கு அடியோடு பிடிக்காத பகுதி, "உங்களைப் போன்ற வீடுகள்". மாதம் ஒரு தடவை நம் வீட்டையும் அதே அளவுள்ள மற்ற வீடுகளின் சராசரியையும் இரண்டு கோடாகப் போட்டுக் காட்டும். முதல் மாதமே நாங்கள் சராசரிக்குக் கீழே. சந்தோஷம்தான். அன்று ராத்திரி இவர் ஏசியை 26லிருந்து 23க்கு இறக்கினார். "நாமதான் கம்மியா யூஸ் பண்றோமே, கொஞ்சம் கூட வெச்சா என்ன?" பதில் சொல்ல முடியவில்லை, ஆப்பே அவர் பக்கம் சாட்சி சொல்கிறதே. இந்தக் குணத்துக்கும் ஆய்வு இருக்கிறது: 2007ல் வெளியானது, கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் ஏறக்குறைய 290 வீடுகளின் கதவில் இந்த மாதிரி ஒப்பீட்டுச் சீட்டைத் தொங்கவிட்டார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள், குறைவாகச் செலவழித்தவர்கள் ஏற்றிவிட்டார்கள். அந்தக் குறைவானவர்களின் சீட்டில் ஒரு சிரிக்கும் முகம் மட்டும் கூடுதலாக வரைந்து கொடுத்தபோது அவர்கள் ஏற்றவில்லை. ஒரு பொம்மை முகம்! பிற்பாடு ஓபவர் என்ற நிறுவனம் இதே பாணியில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கடிதம் அனுப்பியதில் சராசரியாக 2 சதவீதம் குறைந்தது. ஒரு வீட்டுக்கு 2 சதவீதம் ஒன்றுமே இல்லை, 6 லட்சம் வீட்டுக்குப் பெரிய விஷயம். எங்கள் ஆப்பில் சிரிக்கும் முகம் கிடையாது. அடுத்த அப்டேட்டில் போடுங்கள் என்று எழுதிப் போட்டேன், பதில் இல்லை.

இப்போது பிரிட்ஜ் கதை, இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். தள்ளுபடி கொடுத்தவர்கள் பழைய பிரிட்ஜை ஒப்படைக்கச் சொல்லவில்லை. எடைக்குப் போட்டால் என்ன கிடைத்துவிடப் போகிறது என்று பின்பக்கம் தள்ளி, தண்ணீர் பாட்டில் வைக்கவென்று ஓடவிட்டோம். இரண்டு மாதம். ஒருநாள் குட்டி மீட்டரை 24 மணி நேரம் அதில் செருகிவைத்தேன், 1.6 யூனிட். புதியது 0.7. முன்பு ஒரு பிரிட்ஜுக்கு 1.6, மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசுப் பணத்தில் புதிது வாங்கிய பிறகு இரண்டுக்கும் சேர்த்து 2.3. மண்டையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டு மறுநாளே பழையதை அனுப்பினேன்.

மெக்சிகோவில் 2009லிருந்து 2012 வரை பழைய பிரிட்ஜ், ஏசியைக் கொடுத்துப் புதியதை அரசு உதவியோடு வாங்கும் திட்டம் நடத்தினார்கள். அவர்கள் என்னைப் போன்றவர்களை எதிர்பார்த்துப் பழையதை வாங்கி உடைத்தே போட்டார்கள். அப்படியும் பிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் 8 சதவீதம்தான் குறைந்தது, எதிர்பார்த்ததில் நாலில் ஒரு பங்கு. புதிய பிரிட்ஜ்கள் பெரிதாகவும் வசதிகள் கூடியும் இருந்தது ஒரு காரணம். ஏசி மாற்றிய வீடுகளில் மின்சாரச் செலவு கூடிவிட்டது, நல்ல ஏசி கிடைத்ததும் கூட நேரம் போட்டார்கள். வெயிலில் வெந்தவர்கள் குளிர்ச்சியாக இருந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை, ஆனால் அதைச் சேமிப்பு என்று கணக்கு எழுதக்கூடாது.

சரி, கடைசியில் எவ்வளவு குறைந்தது? மின்வாரிய பில்படி நாளுக்குச் சராசரி 11.4 யூனிட்டாக இருந்தது இப்போது 9.3. சுமார் 18 சதவீதம். அட்டை சொன்ன 30 இல்லை. அந்த 2.1 யூனிட்டில் 0.9 பிரிட்ஜ் மாறியதால், அதற்கு மானிட்டர் எதற்கு? ஹீட்டர் 0.6, மியூசிக் சிஸ்டமும் யுபிஎஸ்ஸும் முக்கால் யூனிட், இவை இரண்டும் கருவியின் புண்ணியம். கூட்டிப் பார்த்தால் 2.1ஐத் தாண்டுகிறது, அப்போ வேறெங்கோ ஏறியிருக்கிறது. எனக்கு ஏசி மேல் சந்தேகம். விளக்கு அணைத்ததால் குறைந்தது எவ்வளவு என்று தனியாகப் பிரிக்கவே முடியவில்லை, அவ்வளவு சின்னது. மாமனாரிடம் இதைச் சொல்லவில்லை.

வாங்கலாமா? முழு விலைக்கு வேண்டாம். குட்டி மீட்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள், அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கிக் கைமாற்றிக்கொண்டால்கூடப் போதும், ஒரு வீட்டுக்கு ஒரு வார வேலைதான் அதற்கு. வீடு மொத்தத்துக்கு மின்வாரிய மீட்டரின் சிமிட்டலும் கையில் ஒரு கடிகாரமும் போதும், அது இந்த டிஸ்பிளேயைவிடத் துல்லியம், ஏற்கெனவே உங்கள் சுவரில் இருக்கிறது. வீட்டில் ஹீட்டர் மாதிரி விஷயத்தில் வாய்ச்சொல்லுக்கு மசியாத ஆள் இருந்தால் மட்டும் டிஸ்பிளேயோடு வருகிற செட்டை யோசிக்கலாம், அதுவும் தள்ளுபடி கிடைத்தால். வாங்கும்போது வோல்டேஜையும் சேர்த்து அளக்கிற மாடலா என்று கேளுங்கள், விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் அது அளக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, டிஸ்பிளே 3 பேட்டரியில் ஓடும், 4 மாதம் தாங்கும். அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் 2008 ஏப்ரலில் பனிச்சரிவு மின்தடத்தைச் சாய்த்துவிட்டதால் கட்டணம் 5 மடங்கு ஏறி, சில வாரங்களில் ஊரே கால் பங்குக்கு மேல் செலவைக் குறைத்தது, தடம் சரியாகிக் கட்டணம் இறங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்று படித்திருந்தேன். எங்கள் வீட்டில் எது ஒட்டும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. போன மாதம் டிஸ்பிளே அணைந்து கிடப்பதைப் பார்த்தேன், அது அணைந்து இரண்டு வாரமாவது ஆகியிருக்கும், ஒருத்தரும் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரியே இல்லை. மாமனாரைக் கேட்டேன். "ஏம்மா, ஹால் கடிகாரம் நின்னு போச்சு, டிவி ரிமோட்டும் வேலை செய்யலை. அது சும்மா நம்பர்தானே காட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து போய், நான் உட்கார்ந்திருந்த அறையின் விளக்கை அணைத்துவிட்டு, குளியலறைப் பக்கம் ஹீட்டர் ஸ்விட்சையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.